துளை இல்லாத பெட்டி

வீட்டின் பக்கவாட்டுச் சுவரில், மீட்டருக்குக் கீழே, இரண்டு இரும்புப் பெட்டிகள் இருந்தன. இடது பெட்டியில் 'பம்ப் மோட்டார்' என்று ஸ்டிக்கர். வலது பெட்டியில் 'சோலார் இன்வெர்ட்டர்' என்று ஸ்டிக்கர். சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது இடது பெட்டியில்.

"ரெண்டு அடி மேடம். பூட்டு ரெண்டு அடி தள்ளித் தொங்கியிருந்தா அந்த மனுஷன் இந்நேரம் வீட்டுல காலை நீட்டி டீ குடிச்சிட்டிருப்பான்" என்றான் விசில்.

சர்வேயர் குனிந்து பூட்டைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தாறு வருடம் விபத்து நடந்த இடங்களைப் பார்த்தவர் அந்த அம்மாள். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, 'தானாக' இடிந்த சுவர் என்று எதைப் பார்த்தாலும் முதலில் வாயைத் திறக்க மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு தனியாகத் துப்பறிய ஆரம்பித்தபோதும் ஊர் அவரைச் சர்வேயர் என்றே கூப்பிட்டது. விசில் முன்னாள் பஸ் கண்டக்டர். வேலை போய்விட்டது, வாய் போகவில்லை.

கேஸ் அன்று காலைதான் வந்திருந்தது. கொண்டு வந்தவள் ஒரு தையல்காரி. அவள் கணவன் எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் குத்தியிருப்பதால் ஊருக்கு அவன் பெயரே டெஸ்டர்.

மூன்று நாளைக்கு முன்பு அந்தத் தெருவில் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில், இந்த வீட்டு மாடியில் இருந்த சோலார் இன்வெர்ட்டரின் கருகிப்போன ஒயர் ஒன்றை மாற்ற டெஸ்டர் வந்தான். கரண்ட் இல்லை என்று டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டான். நடுவில் கரண்ட் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கீழே சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினான். பதினொன்றேகாலுக்கு, சொன்ன நேரத்துக்கு முன்பே, கரண்ட் வந்தது. ஏணியிலிருந்து தூக்கி எறியப்பட்டவன் இன்னும் கண் திறக்கவில்லை.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி அவன் பையிலேயே இருந்தது. பூட்டியதுதான் தப்பான பெட்டி. கவனக்குறைவு என்று மின்சார ஆபீஸ் முடிவு கட்டிவிட்டது. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. அது முடிந்தால் லைசென்ஸ் போகும், பெயர் போகும், வைத்தியத்துக்கு வர வேண்டிய உதவியும் போகும்.

"என் வீட்டுக்காரரு இருமல் மருந்து பாட்டிலைக்கூட ரெண்டு தரம் படிச்சிட்டுத்தான் திறப்பாரு. அவரு எழுதியிருக்கிறதைப் படிக்காம பூட்டுனாருன்னா நம்பவே மாட்டேன். யாரோ ஏதோ பண்ணியிருக்காங்க" என்று தையல்காரி சொல்லியிருந்தாள். அழவில்லை. அதுதான் சர்வேயரைக் கேஸை எடுக்க வைத்தது.

காவலுக்கு இருந்த லைன்மேன் சுவரோரம் நிழலில் உட்கார்ந்து பீடிக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். விசாரணை முடியும் வரை பூட்டை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. பம்ப் ஓடாததால் வீட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை.

"உன் ஸ்கூட்டர் பூட்டைக் கொண்டா" என்றார் சர்வேயர்.

"எதுக்கு மேடம்? வண்டியே காயலாங்கடைக்குப் போற நிலைமை. பூட்டுதான் அதுல நல்ல பார்ட்டு."

"வலது பெட்டியில மாட்டிக் காட்டு."

விசில் பூட்டோடு வலது பெட்டியை நெருங்கினான். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான், கீழே குனிந்து பார்த்தான், பூட்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான்.

"மாட்ட முடியலையே மேடம். துளையே இல்லை."

"இடது பெட்டியில?"

"அதுல ஜோரா இருக்கு. கைப்பிடியைக் கீழே இறக்கினா துளையும் துளையும் நேரா வருது. அதுலதான் அவன் பூட்டு மாட்டியிருக்கு."

சர்வேயர் லைன்மேன் பக்கம் திரும்பினார். "அண்ணே, சோலார் போட்ட வீட்டுல சுவிட்சுக்குப் பூட்டு எதுக்கு?"

லைன்மேனுக்குப் பிடித்த பேச்சு போலிருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க உசிருக்குத்தாங்க. மத்த வீட்டுல கரண்ட் கம்பத்துலேருந்து மட்டும்தான் வரும். இந்த மாதிரி வீட்டுல கம்பத்துலேருந்தும் வரும், மாடித் தகட்டுலேருந்தும் வரும். நடுவுல கை வைக்கிறவன் சுவிட்சை அணைச்சு, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில வெச்சுக்கணும். அப்பத்தான் வேற எவனும் தெரியாம போட்டுற மாட்டான். அதனால அணைச்ச நிலைமையில பூட்டுற மாதிரி சுவிட்சு இருக்கணும், மீட்டர்கிட்ட கண்ணுக்குத் தெரியிற இடத்துல இருக்கணும், மேல பேரு எழுதியிருக்கணும். இல்லைன்னா எங்க ஆபீசர் இணைப்புக்குக் கையெழுத்தே போட மாட்டாரு."

"இந்த வீட்டுக்குக் கையெழுத்து போட்டாரா?"

"பதினாலு மாசம் ஆச்சே. போட்டாரு."

"பூட்ட முடியாத பெட்டிக்கு எப்படிப் போட்டாரு?"

லைன்மேன் எழுந்து வந்தார். வலது பெட்டியைப் பார்த்தார். கைப்பிடியைத் தடவித் துளையைத் தேடினார்.

விசிலுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "மேடம், அப்ப ஆபீசர் வந்த அன்னிக்குச் சோலார் ஸ்டிக்கர் இடது பெட்டியில இருந்திருக்கு! டெஸ்டர் தப்பான பெட்டியைப் பூட்டல. சோலார்னு எழுதியிருந்த பெட்டியைத்தான் பூட்டியிருக்கான். அப்புறமா எவனோ போர்டை மாத்தி மாட்டிட்டான். பஸ்ஸு அதே பஸ்ஸு, நம்பரை மட்டும் மாத்திட்டாங்க."

"மெதுவா பேசு. வீட்டுல காது இருக்கு."

காது இருந்தது. கையில் காலிக் குடத்தோடு ஒரு பெண்மணி மூலையில் நின்றிருந்தார். வீட்டுக்கு மூத்த மருமகள்.

கேட்காமலேயே கொட்டினார். கீழ்த்தளத்தில் அவரும் அவர் கணவரும். கணவர் வாசல் அறையில் புத்தக பைண்டிங் கடை வைத்திருக்கிறார். மாடியில் கொழுந்தனார் குடும்பம். கொழுந்தனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். சோலார் தகடுகள் அவருடையவை.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேசியே பதினாலு மாசம் ஆச்சும்மா. தகடு மாட்டுன வாரமே சண்டை. மொட்டை மாடி பொதுவாச்சே, கேக்காம மாட்டிட்டாரேன்னு எங்க வீட்டுக்காரருக்குக் கோபம் போல. 'நீ எடுக்கலைன்னா நானே பிடுங்கி எறிவேன்'னு கத்துனாரு. தெருவே கேட்டுச்சு. அன்னிலேருந்து எதிர்ல வந்தாக்கூட முகத்தைத் திருப்பிக்குவாங்க. நடுவுல நாங்க ரெண்டு ஓரகத்தியும் தபால்காரி வேலை பாக்கிறோம்."

"விபத்து நடந்த அன்னிக்கு யார் யார் இருந்தீங்க?"

"கொழுந்தனாரு மாடியில அந்த எலக்ட்ரீஷியன் பக்கத்துலதான் நின்னாரு. அவருதான் அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. இன்னிவரைக்கும் பாதி நேரம் அங்கேதான். ஓரகத்தியும் நானும் கூடவே வாசலுக்கு ஓடிட்டோம்."

"உங்க வீட்டுக்காரர்?"

குடம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. "கடையிலதான் இருந்தாரு. கடையை விட்டு அவரு எங்கே வரப் போறாரு?"

அவர் போனதும் விசில் குரலைத் தாழ்த்தினான். "எனக்குப் புரிஞ்சு போச்சு மேடம். தம்பி மேல கொலவெறி. தம்பிக்குன்னு வெச்ச பொறியில எலக்ட்ரீஷியன் மாட்டிக்கிட்டான். போலாமா, டிக்கெட் கிழிச்சுக் கையில குடுத்துடலாம்."

"அவசரப்படாதே. இதைப் பாரு."

சுவரின் அடியிலிருந்து ஓர் எறும்பு வரிசை கிளம்பி மேலே ஏறியது. இடது பெட்டியில் ஏறி, 'பம்ப் மோட்டார்' ஸ்டிக்கரின் ஓரத்தில் நுழைந்து மறைந்தது. இன்னொரு கிளை வலது பெட்டிக்குப் போயிருந்தது. அங்கேயும் ஸ்டிக்கருக்கு அடியில்தான் விருந்து.

"எறும்புக்கும் கரண்டுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"கரண்டுக்கு இல்லை. சாப்பாட்டுக்கு." சர்வேயர் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். காய்ந்த வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்து விசிலிடம் நீட்டினார்.

"புளிச்ச மாவு வாடை."

"மைதாப் பசை. ஸ்டிக்கர்னா பின்னாடியே கோந்து இருக்கும், பசை எதுக்கு? ஒரு தரம் உரிச்சா அந்தக் கோந்து போயிடும், திரும்ப ஒட்டாது. அதனால கையில கிடைச்ச பசையைத் தடவி ஒட்டியிருக்காங்க. மைதாப் பசையை எறும்பு ரொம்ப நாள் விட்டு வைக்காது. இப்பத்தான் தின்ன ஆரம்பிச்சிருக்கு. அப்ப ஒட்டி எத்தனை நாள் இருக்கும்?"

"ரெண்டு மூணு நாள். மைதாப் பசை வாளி வாளியா காய்ச்சறது..." விசில் வாசல் அறையைப் பார்த்தான். "பைண்டிங் கடை."

கடைக்குள் காகிதத் தூசியும் பசை வாடையும் மண்டியிருந்தன. பைண்டர் தரையில் சம்மணமிட்டு, ஒரு பழைய அகராதியின் முதுகில் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். முழங்கைக்குப் பக்கத்தில் பசைச் சட்டி. இவர்களைப் பார்த்ததும் பிரஷ் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

"எலக்ட்ரீஷியன் விஷயமா வந்திருக்கீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தச் சோலார் காண்ட்ராக்டரைப் போய்க் கேளுங்க. கடையை மூடிட்டு வேற ஊருக்குப் போயிட்டான். தப்பு பண்ணலைன்னா ஏன் போறான்?"

"நாங்க இன்னும் ஒண்ணுமே கேக்கலையே, ஐயா" என்றார் சர்வேயர், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. "உங்க பசை அருமையா இருக்கு. இரும்புல கூட நல்லாப் பிடிக்குது."

பிரஷ் நின்றது.

"எறும்புக்குக் கூட ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றான் விசில். "குடும்பத்தோட வந்து சாப்பிடுதுங்க. ஏங்க, தம்பி மேல கோபம்னா நேரா நின்னு ரெண்டு அறை விடலாமே? பெட்டி பேரை மாத்தி வெச்சு ஆளைக் கொல்றது என்ன நியாயம்?"

"நான் யாரையும் கொல்லப் பாக்கல!" பைண்டர் எழுந்தே விட்டார். அகராதி தரையில் விழுந்தது.

"இவர் கொல்லப் பாக்கல, விசில்" என்றார் சர்வேயர், அகராதியை எடுத்து மேஜையில் வைத்தபடி. "கொஞ்சம் யோசி. டெஸ்டர் வந்தப்ப சோலார்ங்கிற பேரு இடது பெட்டியில இருந்துச்சு. அதனாலதான் அதைப் பூட்டுனான். அப்ப பேரு மாறுனது விபத்துக்கு அப்புறம். ஆளை விழ வைக்க நினைக்கிறவன் விழுந்தப்புறம் எதுக்கு மெனக்கெடணும்? அதுவும், மாத்துனதும் பேரு சரியான பெட்டிக்குத்தான் வந்திருக்கு. இவர் தப்பு பண்ணல, தப்பைத் திருத்தியிருக்காரு. எல்லாரும் வாசல்ல நிக்கிற நேரமாப் பாத்து, பசையோட போய்த் திருத்தியிருக்காரு. திருத்துனதுனால பழி முழுக்க மயக்கத்துல கிடக்கிறவன் தலையில விழுந்துச்சு. ஐயா, யாரைக் காப்பாத்த இதைச் செஞ்சீங்க?"

பைண்டரின் பார்வை சர்வேயரைத் தாண்டி வாசலுக்குப் போயிருந்தது.

வாசலில் தம்பி நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறார், சட்டை கசங்கியிருந்தது. கையில் கார் சாவி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அது நான் ஒட்டுன ஸ்டிக்கர்" என்றார். யாரிடமும் இல்லாமல், தரையைப் பார்த்து.

"நீ சும்மா இரு" என்றார் அண்ணன். பதினான்கு மாதத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

"எவ்வளவு நாள் சும்மா இருக்கிறது?" தம்பி உள்ளே வந்து சுவரில் சாய்ந்தார். "இணைப்புக்கு ஆபீசர் வரணும்னு இருந்துச்சுங்க. துளை இல்லாத சுவிட்சு ஆகாதுன்னு முதல் தடவை திருப்பி அனுப்பிட்டாரு. பூட்டுற மாதிரி சுவிட்சு வர ரெண்டு மாசம் ஆகும்னான் காண்ட்ராக்டர். 'பம்ப் பெட்டியில துளை இருக்கு சார், ஒரே ஒரு நாளைக்குச் சோலார் பேரை அதுல ஒட்டுங்க, ஆபீசர் போனதும் மாத்திடலாம்'னு அவனே ரெண்டு ஸ்டிக்கரையும் கையில குடுத்தான். ஒட்டினேன். ஆபீசர் வந்தாரு, துளையில பூட்டைப் போட்டுப் பாத்தாரு, கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டாரு. துளையைப் பாத்தாரே தவிர ஒயர் எங்கே போகுதுன்னு பாக்கல."

"சுவிட்சு வந்துச்சா?"

"ரெண்டு மாசம் கழிச்சுப் போன் பண்ணேன். அவன் எடுக்கல. அப்புறம் நான் மறந்துட்டேன்."

விசில் பைண்டரைப் பார்த்தான். "அப்ப நீங்க போட்ட சண்டை மொட்டை மாடிக்காக இல்லையா?"

"மாடி எவனுக்கு வேணும்?" பைண்டர் தம்பி பக்கம் கையை நீட்டினார். "ஒட்டுனதை நான் பாத்தேன். 'பேரை மாத்தாதேடா, எவனாவது நம்பிக் கையை வெச்சா செத்துப் போயிடுவான்'னேன். 'உங்க வேலையைப் பாருங்க'ன்னு எடுத்தெறிஞ்சு பேசினான். 'நீ எடுக்கலைன்னா நானே பிடுங்கி எறிவேன்'னு கத்துனது அந்த ஸ்டிக்கரை. தெருக்காரங்க தகடுன்னு நினைச்சுக்கிட்டாங்க. நானும் போய்த் திருத்தல. அன்னிக்கு அந்த ஆளைத் தூக்கிட்டுப் போனப்ப எனக்கு வேற எதுவும் ஓடல. இவனைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போகும், இவன் பொண்டாட்டி நடுத்தெருவுல நிப்பான்னு மட்டும்தான் ஓடுச்சு. சட்டியைத் தூக்கிட்டு ஓடினேன். ரெண்டையும் உரிச்சு மாத்தி ஒட்டினேன். பூட்டு எங்கே தொங்குதுன்னு ஒட்டி முடிச்சப்புறம்தான் பாத்தேன். அதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க."

தம்பி கண்ணை மூடிக்கொண்டார். "மறுநாள் வந்து பாத்தேன். பேரு சரியான பெட்டியில இருந்துச்சு. எப்பவோ நானே மாத்தி ஒட்டிட்டேன் போல, மறந்திருப்பேன்னு நினைச்சேன். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். ஆஸ்பத்திரியில அந்த எலக்ட்ரீஷியன் சம்சாரம் முகத்தைப் பாக்கும்போதெல்லாம் அதையே எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

சர்வேயர் தம்பியின் அருகே போனார்.

"'ஒரே ஒரு நாளைக்கு'ன்னு காண்ட்ராக்டர் சொன்னப்ப, வேற ஏதாவது சொன்னானா? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

தம்பி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் வெளுத்தது. "'பயப்படாதீங்க சார், இந்தப் பக்கம் எல்லா வீட்டுலயும் இப்படித்தான் முடிச்சுக் குடுத்தேன்'னான்."

விசில் அதற்குள் வெளியே ஓடியிருந்தான். லைன்மேனை உலுக்கும் அவன் குரல் சன்னல் வழியாகக் கேட்டது. "அண்ணே, ஆபீசுக்குப் போனைப் போடுங்க! அந்த ஆளு சோலார் மாட்டுன வீட்டுல இப்ப எவனாவது ஏணியில நிக்கிறானான்னு கேளுங்க. நின்னா இறங்கச் சொல்லுங்க. அப்புறமா உக்காந்து பேசிக்கலாம்!"

மறுநாள் விசாரணை பத்தரைக்கே முடிந்துவிட்டது. தம்பி எழுதி எடுத்து வந்ததை நின்றபடி படித்தார். அண்ணன் தன் பங்கை எழுதாமல் வாயாலேயே சொன்னார். கையெழுத்து போட்ட ஆபீசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மேலும் தனி விசாரணை வரும் என்று தலைமை அதிகாரி சொன்னபோதுதான் கண்ணாடியை மாட்டினார். டெஸ்டர் மேல் தவறு இல்லை என்று எழுதப்பட்டது. முந்தின நாள் சாயங்காலத்துக்குள் லைன்மேன்கள் போய்ப் பார்த்த வீடுகளில் நான்கில் பெயர் தப்பான பெட்டியில் இருந்தது. ஒரு வீட்டில், ஒயரைத் தொட இருந்த ஆளை மாடியிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

அண்ணன் தம்பி மேல் போலீஸ் வழக்கு உண்டு என்பதும் அங்கேயே சொல்லப்பட்டது. இருவரும் தலையாட்டினார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் தையல்காரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அவள் கணவன் கண் திறந்துவிட்டான். பேச்சு தெளிவாக இருக்கிறது. வலது கையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பைண்டர் அவள் எதிரே போய் நின்றார். கை கூப்பினார். "அம்மா, தம்பிக்காகத்தான் செஞ்சேன். உன் வீட்டுக்காரர் மேல எனக்கு ஒரு பகையும் இல்லை. மன்னிச்சிடும்மா."

அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். சண்டை போடும் குரலில் இல்லை, அளவு சொல்லும் குரலில் கேட்டாள்.

"பேரு தப்பா இருக்குன்னு பதினாலு மாசமா உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"மாத்தி ஒட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

பைண்டரின் கூப்பிய கை மெல்ல இறங்கியது. விசில் வேறு பக்கம் பார்த்தான்.

"அஞ்சு நிமிஷம்" என்றார்.

அவள் தலையசைத்துவிட்டு, படிக்கட்டில் இறங்கிப் போனாள்.